ஊழியப் பயிற்சிக்குப் பிள்ளையை அனுப்பும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் நாட்களில் கிறிஸ்தவ வீடுகளில் கல்லூரி விண்ணப்பத்தோடு இன்னொரு விண்ணப்பமும் மேசைமேல் கிடக்கும். மே மாத வாலிபர் முகாமின் கடைசி இரவு, விளக்கைக் குறைத்து, பாட்டு மெல்ல ஓடிக்கொண்டிருக்கும்போது, “ஒரு வருஷத்தைக் கர்த்தருக்குக் கொடுக்க யார் ஆயத்தம்?” என்று கேட்பார்கள். கை தூக்கிய பிள்ளையின் பெயரையும் அலைபேசி எண்ணையும் அங்கேயே எழுதிக்கொள்வார்கள். ஆறு மாதம், ஒரு வருடம், இரண்டு வருடம் என்று தங்கிப் படிக்கும் சீஷத்துவப் பயிற்சிகள் இவை. ஒழுங்காக நடப்பவை நிறைய உண்டு. அங்கே போய் வந்த பிள்ளைகள் அதிகாலையில் எழவும், சமைக்கவும், கழிப்பறை கழுவவும், முன்பின் தெரியாதவர்களோடு கூச்சமில்லாமல் பேசவும் கற்று வருகிறார்கள். வேறு சில இடங்களிலிருந்து வரும் பிள்ளைகளோ, எந்தச் சட்டை வாங்குவது என்பதைக்கூடத் தாங்களாக முடிவு செய்ய முடியாமல் வந்து நிற்கிறார்கள்.

அப்படி வந்தவர்களோடும் அவர்கள் பெற்றோரோடும் உட்கார்ந்து பேசுவது எங்கள் பணி. நாங்களும் சபையைச் சேர்ந்தவர்கள்தான்; ஊழியத்தின்மேல் பழிபோட எழுதவில்லை. யாருடைய சொந்தக் கதையையும் இங்கே சொல்லப் போவதில்லை. எங்கே பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதை மட்டும் எழுதுகிறோம்.

பெற்றோர் பெரும்பாலும் கண்டிப்பைத்தான் பார்க்கிறார்கள். ஒரு சாரார் “கண்டிப்பான இடம், பிள்ளை உருப்படும்” என்று அனுப்புகிறார்கள். இன்னொரு சாரார் “ரொம்பக் கண்டிப்பாமே” என்று பயந்து நிறுத்துகிறார்கள். கண்டிப்பைக் கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. குருமடமும் கண்டிப்பான இடம்தான், என்.சி.சி. முகாமும் விளையாட்டு விடுதியும் அப்படித்தான். அங்கெல்லாம் விதி எழுத்தில் இருக்கும், விதி போட்டவரையும் அது கட்டும், என்றைக்கு முடியும் என்பதும் முதல் நாளே தெரியும். நாங்கள் பார்க்கச் சொல்வது மூன்றே விஷயம்: அங்கே இருக்கும் பிள்ளை கேள்வி கேட்க முடியுமா, “முடியாது” என்று சொல்ல முடியுமா, பாதியில் வீட்டுக்குப் போக முடியுமா. ஏட்டளவில் முடியுமா என்று கேட்கவில்லை, உண்மையிலேயே முடியுமா?

இந்த வேறுபாட்டை விளக்க, உலகம் அறிந்த இரண்டு இடங்களைச் சொல்கிறோம்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கார்டன் வேலி என்ற சிற்றூரில் டீன் மேனியா என்ற வாலிபர் ஊழியம் இருந்தது. ரான் லூஸ் என்பவர் 1986-ல் தொடங்கியது. விளையாட்டு அரங்குகளை நிரப்பும் எழுப்புதல் கூட்டங்கள் ஒரு பக்கம், பள்ளி முடித்தவர்கள் ஓராண்டு தங்கிப் பயிலும் ஆனர் அகாடமி மறுபக்கம். சேர்ந்தவர்கள் காதல், மது, சில வகைத் திரைப்படங்கள் எல்லாவற்றையும் விட வேண்டும். தங்கள் செலவுக்கான பணத்தைத் தாங்களே திரட்ட வேண்டும். அதோடு அந்த ஊழியத்தின் கூட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் தொலைபேசி வேலையையும் செய்ய வேண்டும். அங்கே ஈசோல் என்ற சகிப்புத்தன்மைப் பயிற்சி ஒன்று நடக்கும். சில நாட்களுக்குத் தூக்கம் மிகக் குறைவு, சேற்றில் ஊர்தல், வாந்தி வரும்வரை உருளுதல் என்று போகும் பயிற்சி அது. முடியாதவர் மணியடித்து விலகிக்கொள்ளலாம் என்று விதி இருந்தது. எல்லாம் விருப்பத்தின் பேரில்தான் என்பது ஊழியத்தின் நிலைப்பாடு. 2011-ல் எம்.எஸ்.என்.பி.சி. தொலைக்காட்சி முன்னாள் மாணவர்கள் சிலரின் பாதிப்பை ஆவணப்படமாகக் காட்டியது. 2015 டிசம்பரில் பண நெருக்கடியில் அந்த ஊழியமே மூடப்பட்டது.

அந்த மணியைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். அது கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் பாதியில் விடுகிறவன் தேவனுக்குப் பயன்படமாட்டான் என்ற எண்ணம் மனதில் ஊறிப்போன பத்தொன்பது வயதுப் பிள்ளை, கூடப்படிக்கும் அத்தனை பேர் கண்ணெதிரே அதை அடிக்குமா? எங்கள் ஊர்ப் பக்கம் மணி கிடையாது. “யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, போகிறவர்கள் போகலாம்” என்ற வாக்கியம் மட்டும் உண்டு. இதைச் சொல்லும் தலைவர்களிடம் நாங்கள் உடனே கேட்பது இதுதான்: போன வருடம் பாதியில் போனவர்கள் யார் யார், அவர்களைப் பற்றி மற்ற மாணவர்களிடம் என்ன சொன்னீர்கள்? போனவனுக்காக மேடையில் ஜெபம் ஏறெடுத்து, “பின்மாற்றக்காரன்” (விசுவாசத்தை விட்டு வழுவியவன்) என்று பெயரும் வைத்திருந்தால் அந்த வாசல் திறந்திருந்தும் பூட்டியதற்குச் சமம்.

இரண்டாவது இடம் இதற்கு நேர் எதிர். இங்கிலாந்தின் வாட்ஃபோர்டில் சோல் சர்வைவர் என்ற வாலிபர் ஊழியம். 1993 முதல் 2019 வரை ஒவ்வொரு கோடையிலும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கூடிய முகாம்களை நடத்தியது. அதை நிறுவிய மைக் பிலவாச்சி கண்டிப்புக்காரர் அல்ல. சிரிப்பும் கேலியுமாகப் பேசுவார். ஆராதனை இசைக்குப் பெயர்பெற்ற இடம் அது. 2023-ல் இங்கிலாந்து திருச்சபை நடத்திய விசாரணை, அவர் தம் ஆவிக்குரிய அதிகாரத்தைப் பயன்படுத்தி மற்றவர்களைக் கட்டுப்படுத்தினார் என்றும், வாலிபர்களோடு மல்லுக்கட்டிப் புரண்டதும், பயிற்சிக்கு வந்த இளைஞர்களுக்கு உடம்பு பிடித்துவிட்டதும் அந்தப் போக்கின் விளைவு என்றும் உறுதிசெய்தது. பின்னர் வழக்கறிஞர் ஃபியோனா ஸ்கோல்டிங் தலைமையில் தனி ஆய்வு நடந்து, 2024-ல் அறிக்கை வந்தது. கவலைகள் மேல்மட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்தும் சரிவரக் கையாளப்படவில்லை என்பது அதில் வெளிப்பட்டது. அங்கே இருந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்றை நம் பெற்றோர் கட்டாயம் அறிய வேண்டும். ஒரு பையனைத் தலைவர் தம் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார், எங்கு போனாலும் கூட்டிப்போவார். திடீரென்று ஒரு நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார். காரணம் சொல்லமாட்டார். மறுபடி அந்தப் பிரியத்தைப் பெற அந்தப் பையன் எதற்கும் இணங்குவான்.

அடியோ திட்டோ இல்லாமலே இத்தனையும் நடந்தது. எனவே “தலைவர் எவ்வளவு அன்பானவர் தெரியுமா” என்று யாராவது சொன்னால், அந்த அன்பு எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைக்கிறதா, கேள்வி கேட்டவனுக்கும் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

நம் சபைகளில் இப்போது புழங்கும் “கவரிங்” (ஒரு தலைவரின் ஆவிக்குரிய பாதுகாப்புக்குள் இருப்பது), “ஆவிக்குரிய தகப்பன்” போன்ற சொற்களுக்குப் பின்னாலும் ஒரு வரலாறு உண்டு. 1970-களில் அமெரிக்காவின் ஃபோர்ட் லாடர்டேல் நகரை மையமாகக் கொண்டு ஐந்து போதகர்கள் ஒரு போதனையைப் பரப்பினார்கள். ஒவ்வொரு விசுவாசியும் ஒரு மேய்ப்பனின் கீழ் இருக்க வேண்டும். வேலை, வீடு, திருமணம் எல்லாம் அவரிடம் கேட்டே செய்ய வேண்டும் என்ற அளவுக்கு அது போனது. அந்த ஐவரில் ஒருவர் பெங்களூரில் பிறந்தவரும் நம் விசுவாசிகள் பலருக்குத் தெரிந்தவருமான டெரக் பிரின்ஸ். அவர் 1980-களின் முற்பகுதியில் அதிலிருந்து விலகினார். இன்னொருவரான பாப் மம்ஃபோர்ட், அதனால் குடும்பங்கள் சிதைந்ததை ஒப்புக்கொண்டு 1989-ல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். தொடங்கியவர்களில் சிலர் தாங்களே கைவிட்ட போதனையை இங்கே சில பயிற்சி மையங்கள் புது வெளிச்சம் என்று இன்றும் சொல்லிக்கொடுப்பது எங்களுக்கு வேதனையாக இருக்கிறது.

இனி, அடையாளங்களுக்கு வருவோம். முதலில் தூக்கம்.

அன்றாட அட்டவணையைக் கேட்டு வாங்கி, பென்சிலால் கணக்குப் போடுங்கள். காலை நாலரைக்கு எழுப்பி இரவு பதினொன்றுக்குப் படுக்க விட்டால் ஐந்தரை மணி நேரம். வாரத்தில் ஆறு இரவு அப்படி, ஏழாவது இரவு முழு இரவு ஜெபம் என்றால் மொத்தம் 33 மணி நேரம். 18 வயது கடந்தவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 7 மணி நேரம் வேண்டும், வாரத்துக்கு 49. பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். ஆக, வாரந்தோறும் 16 மணி நேரமாவது கடன். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் நிதானமும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது ஏறியவருடைய அளவுக்குக் குறைந்துவிடுகின்றன என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்த நிலையில் பிள்ளை எளிதில் அழும், எளிதில் சிலிர்க்கும், எதற்கும் தலையாட்டும். அதை அபிஷேகம் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. முழு இரவு ஜெபம் நம் சபைகளின் பழைய வழக்கம், அதைக் குறை சொல்லவில்லை. மறுநாள் தூங்க விடுகிறார்களா? அதுதான் எங்கள் கேள்வி.

அடுத்தது தொலைபேசி. அலைபேசியை வாங்கி வைத்துக்கொள்வதே தவறு என்று நாங்கள் சொல்லமாட்டோம். பல விடுதிகளில் அந்த வழக்கம் உண்டு. அழைப்பு எப்படி வருகிறது என்று கவனியுங்கள். ஞாயிறு மாலை நாலு மணிக்குப் பத்து நிமிடம், தலைவர் பக்கத்தில் இருக்க, ஸ்பீக்கரில் பேச்சு. “நல்லா இருக்கேன்மா. ஜெபம் பண்ணிக்கோங்க.” சாப்பாடு என்ன என்று கேட்டாலும் “கர்த்தர் போஷிக்கிறார்” என்ற பதில். பிள்ளையின் குரல் ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் மாறவே இல்லை என்றால் அதுவே செய்தி. தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்ற செய்தி பிள்ளையின் காதுக்கு எத்தனை நாளில் போகிறது என்றும் பாருங்கள். தலைவர் முதலில் கேட்டு, ஜெபித்து, பிறகு சொல்லலாமா என்று முடிவு செய்யும் இடமென்றால், வீட்டுச் செய்தியையே அங்கே வடிகட்டுகிறார்கள்.

மூன்றாவது ஒரு தாள். வாராவாரம் நிரப்பித் தரவேண்டிய கணக்கொப்புவித்தல் தாள். இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். முதல் கட்டத்தில் எழுந்த நேரம், இரண்டாவதில் ஜெபித்த நிமிடங்கள், அடுத்து வாசித்த அதிகாரங்கள், மனப்பாட வசனம். இதுவரை பழுதில்லை. அதன் கீழே “இச்சையான எண்ணங்கள், எத்தனை முறை” என்று ஒரு கட்டம். அதற்கும் கீழே “தலைவர்களுக்கு விரோதமாக எழுந்த எண்ணங்கள்”. இன்னும் கீழே “சக மாணவரிடம் கண்ட குறைகள்”. கடைசியில் கையெழுத்து, தேதி. கேடு அந்தக் கடைசி மூன்று கட்டங்களில் இருக்கிறது. வாய்விட்டுச் சொல்லாத எண்ணத்தையும் எழுத்தில் கொடுத்தாக வேண்டும் என்றால் மனதுக்குள் ஒதுங்க இடம் இல்லாமல் போகிறது. பக்கத்துக் கட்டில்காரன் என்னைப் பற்றி என்ன எழுதுவான் என்று தெரியாதபோது நட்பும் போகிறது. “எனக்கு இது சரியாகப் படவில்லை, உனக்கு?” என்று ஒருவர் இன்னொருவரிடம் கேட்பதுதான் எந்தத் தவறான ஆட்சியும் ஆட்டம்காணும் முதல் இடம். அந்தத் தாள் அதையே அடைத்துவிடுகிறது.

பாவ அறிக்கையும் இதே வகையில்தான் கெடுகிறது. கத்தோலிக்கத் திருச்சபையில் பாவசங்கீர்த்தனம் கேட்ட குரு அதை யாரிடமும் சொல்லக்கூடாது. வேண்டுமென்றே வெளியிட்டால் அவரே திருச்சபைக்குப் புறம்பாவார். சொன்னவரிடமே கூட அவர் அதைப் பின்னால் ஆயுதமாக எடுக்க முடியாது. இந்தக் காவல் எதுவும் இல்லாமல், வட்டமாக உட்கார வைத்து ஒவ்வொருவரையும் சொல்லச் சொல்வது வேறு காரியம். முதல் ஆள் சின்ன விஷயம் சொல்வார். “இன்னும் ஆழமாகப் போ” என்பார்கள். அடுத்தவர் பெரிதாகச் சொல்வார். சொல்ல ஒன்றுமில்லாத பிள்ளை இட்டுக்கட்டியாவது சொல்லும். ஆறு மாதம் கழித்து வீட்டுக்குப் போக நினைக்கும்போது, “நீ அன்று சொன்னதை உன் அப்பாவிடம் நாங்கள் சொல்லவில்லை, பார்த்துக்கொள்” என்று ஒரு வாக்கியம் வரும். ராபர்ட் ஜே லிஃப்டன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், சீனாவில் ‘சிந்தனைச் சீர்திருத்தம்’ என்ற பெயரில் நடந்தவற்றுக்கு ஆளானவர்களைச் சந்தித்து ஆராய்ந்து, 1961-ல் எட்டு அடையாளங்களைப் பட்டியலிட்டார். மதத்துக்கு எதிரான ஓர் அரசு செய்ததைப் பற்றிய ஆய்வு அது. கட்டாய அறிக்கையிடுதலும், சிந்தனையை நிறுத்திவிடும் சிறப்புச் சொற்களும் அதில் இருக்கின்றன.

அந்தச் சொற்களைப் பாருங்கள். “தூக்கம் போதவில்லை” என்றால் “அது மாம்சம்”. “கணக்கு ஏன் காட்டவில்லை” என்றால் “கசப்பின் வேர்”. ஒரு பெண்பிள்ளை இரண்டு கேள்வி சேர்ந்தாற்போல் கேட்டால், வேதத்தில் வரும் பொல்லாத ராணியின் பெயரில் “யேசபேலின் ஆவி”. கேள்விக்குப் பதில் வரவில்லை. கேட்டவருக்கு நோய்ப்பெயர் வந்தது. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். விண்ணப்பம் கொடுக்க வரும் ஊழியரிடம் சாதாரணமாக ஒரு கேள்வி கேளுங்கள், சமையலறைச் செலவைப் பற்றிக்கூட இருக்கட்டும். பதில் கேள்வியைப் பற்றி வருகிறதா, உங்கள் விசுவாசத்தைப் பற்றி வருகிறதா?

வசனங்களையும் இப்படித்தான் திருப்புகிறார்கள். “அபிஷேகம்பண்ணப்பட்டவரைத் தொடாதே” என்று 105-ஆம் சங்கீதத்தைக் காட்டுவார்கள். அதற்கு முந்தின வசனங்களைப் பாருங்கள். நாடோடிகளாய், கொஞ்சப் பேராய் அலைந்த முற்பிதாக்களுக்காகக் கர்த்தர் ராஜாக்களைக் கடிந்துகொண்டதாக இருக்கிறது. எச்சரிக்கை அதிகாரத்தில் இருப்பவனுக்கு, காக்கப்பட்டவர்கள் ஆதரவற்றவர்கள். “இரண்டகம் பில்லிசூனியத்துக்குச் சமம்” என்பது 1 சாமுவேல் 15-ல் வருகிறது. அதுவும் ஏழை எளியவனைப் பார்த்துச் சொன்னதல்ல, சவுல் ராஜாவைப் பார்த்துத் தீர்க்கதரிசி சொன்னது. எபிரெயர் 13:17 நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்கிறது. அதே வசனம் அவர்கள் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர்கள் என்றும் சொல்கிறது. அந்தப் பாதியைப் பயிற்சிப் புத்தகத்தில் தேடிப்பாருங்கள். தாய் தகப்பனைவிட ஆண்டவரை நேசிக்க வேண்டும் என்பதும் வேதத்தில் உள்ளதுதான். ஆனால் காணிக்கை என்று சொல்லிப் பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைத் தட்டிக்கழிக்கச் சொன்னவர்களை இயேசு கடிந்துகொண்ட கொர்பான் பகுதியும் மாற்கு 7-ல் இருக்கிறது. பெரோயா பட்டணத்தார் பவுலின் பேச்சையே வேதத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள். அதற்காக நற்குணசாலிகள் என்று பெயர் பெற்றார்கள்.

பிள்ளை விடுமுறைக்கு வந்தால் குரலைக் கவனியுங்கள். தலைவரைப் போலவே இழுத்துப் பேசுவது, அதே கையசைவு, ஜெபத்தில் அதே மூச்சு. வாலிப வயதில் யாரையாவது பார்த்து நடப்பது இயல்பு. ஆனால் ஒரே வகுப்பில் இருக்கும் முப்பது பேரும் ஒரே அச்சில் வார்த்தது போல இருந்தால் அது வளர்ச்சி அல்ல. 1985-ல் அமெரிக்காவின் பாஸ்டனில், தீவிர சீஷத்துவ முறை கொண்ட ஒரு சபையில் ஃபிளேவில் யீக்லி என்பவர் ஆய்வு செய்தார். 800-க்கும் மேற்பட்டோர் ஒரே ஆளுமை வினாத்தாளை மூன்று முறை நிரப்பினார்கள்: சில ஆண்டுகளுக்கு முன் இருந்தபடி, இன்று இருக்கிறபடி, ஐந்தாண்டு கழித்து இருக்கப்போகிறபடி. வெவ்வேறு இயல்புள்ளவர்கள் எல்லோரும் ஒரே இயல்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது பதில்களில் தெரிந்தது. ஒப்பிட எடுத்துக்கொண்ட வழக்கமான சபைகளில் அப்படி இல்லை. பேதுரு பேதுருவாகவும் யோவான் யோவானாகவும்தான் கடைசிவரை இருந்தார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மருந்து விஷயத்தில் ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது. வலிப்புக்கு மாத்திரை எடுக்கும் பிள்ளை திடீரென நிறுத்தினால், வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளை உபவாசத்துக்காக இன்சுலினை விட்டால் ஓரிரு நாளில் இரத்தம் அமிலமாகி மயங்கி விழும். மன அழுத்த மாத்திரையையும் மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக்கூடாது. “மாத்திரையை விசுவாசத்தோடு தூக்கிப் போட்டாள்” என்று சாட்சி சொல்ல வைக்கும் இடத்தில் பிள்ளையை ஒரு நாளும் விடாதீர்கள். சேர்க்கும்போதே மருத்துவர் சீட்டின் நகலைக் கொடுத்து, மாத்திரை பிள்ளையின் கையில்தான் இருக்கும் என்று எழுதி வாங்குங்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாக: கட்டணம், மாணவரே திரட்டும் நன்கொடை, மாணவர் செய்யும் சம்பளமில்லா வேலை என்று மூன்று வழியில் வரவு இருக்கும். மூன்றையும் கூட்டிப் பாருங்கள். வகுப்பு இரண்டு மணி நேரம், தலைவர் வீட்டு வேலையும் கட்டட வேலையும் ஆறு மணி நேரம் என்றால் அது பயிற்சி அல்ல. எல்லாவற்றுக்கும் ரசீது கேளுங்கள்.

மூலச் சான்றிதழ்களைக் கொடுக்காதீர்கள். கல்லூரிகளே சேர்க்கையின்போது அசலைச் சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் அறிவித்திருக்கிறது. அப்படியிருக்க, பட்டம் எதுவும் தராத ஒரு பயிற்சி மையத்துக்கு பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் எதற்கு? ஆதார், பாஸ்போர்ட் எல்லாம் பிள்ளையின் பையிலேயே இருக்க வேண்டும். அந்தப் பையில், யாரிடமும் கேட்காமல் ஊர் வந்துசேரப் போதுமான பேருந்துப் பணமும் தனியாக இருக்க வேண்டும். இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் செய்ய எளியது இதுதான். பலரும் மறப்பதும் இதுவே.

சேர்க்கும் முன் ஒரு முறையாவது சொல்லாமல் கொள்ளாமல் நேரில் போங்கள், முடிந்தால் ஒரு வேலைநாளின் மதிய வேளையில். பட்டமளிப்பு விழாவுக்கு அழைத்தால் போய்ப் பயனில்லை. விதிகளை எழுத்தில் கேளுங்கள். நிர்வாகக் குழுவில் தலைவரின் மனைவி, மகன், மைத்துனர் தவிர யாராவது இருக்கிறார்களா? தலைவர்மேல் புகார் என்றால் யாரிடம் கொடுப்பது? அந்தப் பெயர் தலைவருக்குக் கீழே வேலை செய்பவருடையது என்றால் அது புகார் முறை ஆகாது. பெண்பிள்ளைகளும் 18 வயது நிரம்பாதவர்களும் தங்கும் விடுதி என்றால், 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மகளிர், குழந்தைகள் விடுதிகள் மற்றும் இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். முடித்தவர்கள் இருவரின் எண்ணைத் தருவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். பாதியில் விலகிய ஒருவரின் எண்ணையும் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்டதும் எதிரே இருப்பவர் முகம் எப்படி ஆகிறது என்பதே பாதி பதில்.

ஏற்கெனவே உள்ளே இருக்கும் பிள்ளையின் பெற்றோருக்கு இது கடினமான பகுதி. போய் வாசலில் நின்று சத்தம் போடாதீர்கள். “உன்னை மூளைச்சலவை செய்துவிட்டார்கள்” என்று சொல்லாதீர்கள். வீட்டார் எதிர்ப்பார்கள், அது சத்துருவின் வேலை என்று பிள்ளைக்கு முன்பே சொல்லி வைத்திருப்பார்கள். நீங்கள் கத்தினால் அந்தத் தீர்க்கதரிசனம் நிறைவேறிவிடும். தலைவரை ஒரு வார்த்தை குறை சொல்லாமல், வாரம் தவறாமல் பேசுங்கள். வீட்டு நாய், பக்கத்து வீட்டுக் கல்யாணம், மாமரம் காய்த்தது என்று வெளி உலகம் இன்னும் இருக்கிறது என்பதைக் காட்டும் பேச்சாக இருக்கட்டும். தீர்ப்புச் சொல்லாமல் ஒரே ஒரு கேள்வி: “நீ என்ன நினைக்கிறே?” நீ என்ன உணர்த்தப்பட்டாய் என்றல்ல, என்ன நினைக்கிறாய் என்று. முதலில் பதில் வராது. மாதம் ஒரு முறை கேட்டுக்கொண்டே இருங்கள். “எப்ப வேணாலும் வா, காரணம் கேக்க மாட்டோம்” என்பதையும் சொல்லி வையுங்கள். சொன்னபடியே, வந்தபின் கேட்காதீர்கள்.

சட்டம் எங்கே உதவும், எங்கே உதவாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 18 வயது ஆகாத பிள்ளையிடம் பாலியல் அத்துமீறல் நடந்ததாகத் தெரிந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது அதை அறிந்த எவருக்கும் கட்டாயம். சபைக்குள் பேசித் தீர்த்துக்கொண்டோம் என்பது பதிலாகாது; மறைத்த நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098, பெண்களுக்கு 181. 18 வயது கடந்தவரை அவர் விருப்பத்துக்கு மாறாக வெளியே விடாமல் வைத்திருப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 127-ஆம் பிரிவில் குற்றம். உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவும் போடலாம். ஆனால் வயதுவந்த பிள்ளை நீதிபதி முன் நின்று “என் விருப்பத்தில்தான் இருக்கிறேன்” என்று சொல்லிவிட்டால் நீதிமன்றம் கட்டாயப்படுத்தி அனுப்பாது. மனு போட்ட பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே பேச்சே அறுந்துபோகும் ஆபத்தும் உண்டு. உடைமைகளைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், பூட்டி வைத்திருக்கிறார்கள், அடிக்கிறார்கள் என்று தெளிவாகத் தெரிந்தால் யோசிக்க வேண்டாம். இல்லையென்றால் முதலில் வழக்கறிஞரிடம் நிதானமாகப் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

திரும்பி வந்த பிள்ளைக்கு முதல் தேவை தூக்கம். இரண்டு வாரமாவது எழுப்பாதீர்கள். ஞாயிறு காலை ஆலயத்துக்கு வர மறுக்கலாம், அல்லது பாட்டு தொடங்கியதும் உடம்பு நடுங்கி எழுந்து வெளியே போகலாம். அது அவிசுவாசம் அல்ல. அந்தப் பாட்டு ஓடும்போது நடந்தவற்றை உடம்பு நினைவில் வைத்திருக்கிறது. சாட்சி சொல்லச் சொல்லி மேடையேற்றாதீர்கள். போதகர்கள் வீட்டுக்கு வந்தால் கைவைத்து ஜெபிக்கும் முன் அனுமதி கேட்க வேண்டுகிறோம். சின்னச் சின்ன முடிவுகளைப் பிள்ளையிடமே விடுங்கள்: இட்லியா தோசையா, எந்தப் பேருந்து, எந்தச் சட்டை. பதில் வர ஐந்து நிமிடம் ஆனாலும் காத்திருங்கள், நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். தூக்கமின்மையும் பயமும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே போங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ல் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
ஊழியப் பயிற்சியிலிருந்து திரும்புவோர் குடும்பங்களோடு ஆலோசனைப் பணி செய்யும் சிலர்,
பாளையங்கோட்டை.